துவக்கின் பங்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நல்லதல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைப் பெட்டிகளின் மேல்தான்: வெண்டிக்காய், முருங்கைக்காய், பழையது, முதலில் எடுக்கவும். குட்மேய்ஸில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். எந்த ர, எந்த ற என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. யாராவது இதைத் தட்டச்சு செய்தால் தயவு செய்து திருத்திக்கொள்ளவும்.

அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்தார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணி என்னிடமும் ஒரு தாள் தந்தார். நான் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சட்டையோடு அதுவும் ஒருநாள் மெஷினுக்குள் போய்க் கூழாகிவிட்டது. எனக்கு எழுத இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். அண்ணையின் துவக்கை, அந்தப் புறா சுடும் துப்பாக்கியை, விற்பதா, வைத்திருப்பதா என்பது. அது அப்போது முடிவாகவில்லை. முடிவாகாததை எப்படி எழுதுவது?

லண்டனில் தமிழனுக்கு ஏன் துவக்கு என்று கேட்பீர்கள். எல்லாம் பங்கு ஆட்டில் தொடங்கியது. அண்ணை பத்துப் பன்னிரண்டு வீடுகளைச் சேர்த்து, எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் ஆடு வாங்குவார். அறுக்கும் இடத்தில் அறுத்து வந்ததும், எங்கள் குசினி நிலத்தில் பிளாஸ்டிக் விரித்துப் பங்கு போடுவார்கள். ஈரலும் எலும்பும் எல்லாப் பங்கிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். யாரும் யாரையும் நம்புவதில்லை, அதனால் யாருக்கும் குறை இருப்பதில்லை. அந்தப் பண்ணைக்காரர் ஒரு வெள்ளைக்காரர், அண்ணையைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய வயலில் காட்டுப் புறாக்கள் வந்து முளையைத் தின்று தீர்க்கும். ஒருநாள் அவர் புறா சுடுவதைப் பார்த்த அண்ணை, அடுத்த மாதமே லைசென்சுக்கு எழுதிப்போட்டார். லைசென்ஸ் வந்ததும் ஒரு பழைய இரட்டைக் குழல் துவக்கு வாங்கினார்.

அண்ணி கேட்டார்: "உங்களுக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

"அது வேறை துவக்கு. இது அப்பாவின்ரை மாதிரித் துவக்கு," என்றார் அண்ணை.

அப்பாவிடம் வயல் காவலுக்கு லைசென்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் ஒன்று இருந்தது. ஊரில் பலரிடம் இல்லை. யாராவது வேட்டைக்கு இரவல் கேட்டால் அப்பா கொடுப்பார். பன்றி பட்டால் நடந்த ஆளுக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு. துவக்கின் பங்கு எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தாலும் வரும். பிறகு ஒரு நாள் சிலர் வந்து துவக்கைக் கேட்டார்கள், அப்பா கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அண்ணை இந்தச் சட்டத்தைப் பண்ணைக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தார். முதல் நாளே புறாக்களை மூன்று குவியலாக வைத்தார்: பண்ணைக்காரருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, துவக்குக்கு ஒன்று. பண்ணைக்காரர் சிரித்தாராம். தன்னிடமும் துவக்கு இருக்கிறதே, அதற்குப் பங்கில்லையா என்று கேட்டாராம். அன்று தொடக்கம் நான்கு குவியல். கடைசியில் இரண்டு அவருக்கு, இரண்டு அண்ணைக்கு. குவியலே வைக்காமல் பாதி பாதியாகப் பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் அதில் பெரிய திருப்தி.

நான் எப்போதும் கூடப் போவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை லீவு. ஒளிந்து நிற்க வலை கட்டுவது, புறாக்களை ஏமாற்றி இறக்கப் பிளாஸ்டிக் புறாக்களை வயலில் குத்தி வைப்பது, விழுந்ததை எடுத்து வருவது, வெறும் தோட்டாக் கோதுகளைப் பொறுக்குவது என் வேலை. எனக்கென்று குவியல் கிடையாது. நான் அண்ணை வீட்டுப் பின் அறையில்தான் இருக்கிறேன், அண்ணியின் சட்டியில்தான் சாப்பிடுகிறேன். அதனால் அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் ஆட்களோடு பழகத் தெரியாதவன். கடையில்கூட முன்பக்கம் போகச் சொன்னால் வியர்க்கும். கலியாணமும் அப்படியே தள்ளிப் போய்ப் பிறகு பேச்சே இல்லாமல் போனது. வலைக்குப் பின்னால் இரண்டு பேருக்கு நடுவில், யாரும் என்னைப் பார்க்காமல், எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாலைந்து மணித்தியாலம்தான் என் வாரம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் ஆகாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பட்டாசு வெடித்தாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன். டொக்டர் ஒரு வருடத்துக்கு மேல் குளிசை தந்தார். ஆனால் வயலில் பயம் வரவில்லை. காரணம், அண்ணை விசையை அழுத்துமுன் மெதுவாக "வருது" என்பார். ஒவ்வொரு வெடிக்கும் சொல்வார். வரும் என்று தெரிந்த சத்தத்தை நான் தாங்குவேன். பண்ணைக்காரர் அது எங்கள் ஊர் வேட்டை மந்திரம் என்று நினைத்து, தானும் "வருடு" என்று சொல்லிச் சுடத் தொடங்கினார். அண்ணை அவரைத் திருத்தவில்லை. திருத்தினால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணை தை மாதத்தில் போனார். மாரடைப்பு. வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றியபடியே.

செத்த வீடு முடிந்து சில நாட்களில் பொலிஸ் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, லைசென்ஸ்காரர் இறந்தால் துவக்கு வீட்டில் இருக்கக்கூடாது, பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். வந்த இரண்டு பொலிஸ்காரரும் மரியாதையாகச் செருப்பு வைக்கும் இடத்தில் சப்பாத்தைக் கழற்றினார்கள். மாடிப்படிக்குக் கீழே சுவரோடு முறுக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டி இருந்தது. அந்தப் பூட்டின் திறப்பு எங்கே என்று கேட்டார்கள்.

அண்ணி தெரியாது என்றார். பிறகு தேடத் தொடங்கினார். அண்ணையின் கோட்டுகள், அலுமாரி, குளிர்காலச் சப்பாத்து எல்லாவற்றையும் பார்த்தார். நானும் தேடினேன். அரை மணித்தியாலம் போனது. அவர்கள் தேநீர் குடித்து முடித்தார்கள். கடைசியில் அண்ணி குசினியில் மிளகாய்த் தூள் டப்பாவைத் திறந்து, "ஐயோ, இஞ்ச கிடக்கு!" என்று கத்தினார். பொலிஸ்காரர்களுக்கு மிளகாய்த் தூளில் தும்மல் வந்தது. திறப்பு எங்கே இருக்கிறதென்று வீட்டாருக்குத் தெரியாமல் வைத்திருந்த அண்ணையை ஒருவர் பாராட்டினார். அப்படித்தான் வைக்க வேண்டுமாம்.

அவர்கள் துவக்கைக் கொண்டுபோனதும் நான் அண்ணியைப் பார்த்தேன்.

"அண்ணி, உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியாம? மாசம் மாசம் தூள் இடிச்சுக் கொட்டுறது ஆர்? எனக்குத் தெரியுமெண்டு சொன்னா, செத்த மனுசன்ரை லைசென்சையும் பறிப்பாங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணை போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரிப்பு முடியுமுன் அழுகையாகிவிட்டது.

பொலிஸ் அதை எங்கள் விருப்பப்படி எசெக்ஸில் ஒரு துவக்குக் கடையில் ஒப்படைத்தது. அங்கே வைத்திருக்கலாம், விற்கலாம், அல்லது வீட்டில் ஒருவர் லைசென்ஸ் எடுத்து மீட்கலாம். அண்ணியும் நானும் ரயில், பஸ் மாறிப் போனோம். கடைக்காரர் துவக்கை மேசையில் விரித்த துணியில் வைத்தார். விசைக்கு மேலே இரும்பில் ஒரு இடத்தைப் பெருவிரலால் தடவிக் காட்டினார். ஒரு சதக் காசு அளவில் சின்னச் சின்னக் குழிகள், சிவந்து போய். யாராவது அசிட் ஊற்றினார்களா என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கியது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அண்ணை துவக்கை எடுத்து, சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். பூசையில் வைத்ததை அடுத்த நாள் வரை தொடக்கூடாது. ஈரச் சந்தனம் இரும்பில் ஒரு இரவு முழுவதும் ஊறும். வருடம் தவறாமல் ஒரே இடத்தில். இதை எந்த இங்கிலீசில் சொல்வதென்று தெரியாமல் நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணி, அண்ணை போன பிறகும் விடாத தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர் துவக்கைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு மரியாதையாகத் தலையாட்டினார்.

சுடுவதற்குப் பழுதில்லை, ஆனால் இந்தத் தழும்போடு யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். தான் எடுப்பதென்றால் கழற்றி உதிரிப் பாகத்துக்குத்தான் எடுக்கலாம்.

திரும்பி வரும்போது அண்ணி பஸ்ஸில் சொன்னார்: "தம்பி, நீர் சொல்லும். எனக்கு உந்தச் சாமானாலை ஒரு பிரயோசனமும் இல்லை. புறா மயிர் பிடுங்கிப் பிடுங்கி நகம் போனதுதான் மிச்சம். ஆனா கழட்டி வித்தவையெண்டு மட்டும் எனக்குக் கேக்க வேண்டாம்."

ஆகவே அது என் தலையில் விழுந்தது. விற்றால் அண்ணையின் கை பட்ட சாமான் துண்டு துண்டாகப் போகும். அதைவிட, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். துவக்கில்லாமல் எந்த முகத்தோடு அந்த வயலுக்குப் போவேன்? நான் அண்ணையின் துவக்கோடு போன ஆள். வைத்திருப்பதென்றால் நான் லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

எடுப்பதென்றே நினைத்தேன். அண்ணி விண்ணப்பப் போமை நிரப்பினார். அவர் ஊரில் பத்தாவது பாஸ். பெயர், பிறந்த திகதி எல்லாம் சுகமாகப் போயின. மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்ததுண்டா என்ற இடத்தில் பேனை நின்றது.

"என்ன போட?" என்றார்.

"ஓம் எண்டு போடுங்கோ."

"எப்ப?"

"வந்த புதுசிலை. அண்ணைதான் கூட்டிக்கொண்டு போனவர்."

அவருக்கு அது தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அண்ணை அதை அவரிடம் சொல்லவில்லை. அண்ணி அப்படியே எழுதினார். அன்றிரவு சோற்றோடு இரண்டு முட்டை பொரித்து வைத்திருந்தார்.

என்னைப் பற்றி நல்லவன் என்று எழுத, உறவில்லாத ஒருவர் வேண்டும். யோசித்துப் பார்த்தால் எனக்குப் பண்ணைக்காரரைத் தவிர யாரையும் தெரியவில்லை. அவரோடு நான் நேராகப் பேசியதே குறைவு. டெலிபோனை எடுப்பேன், வைப்பேன். மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் அண்ணி நம்பரை அடித்து என் காதில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். என் குரல் கேட்டதும் பண்ணைக்காரர் அண்ணையின் பெயரைச் சொல்லி அழைத்தார். எங்கள் குரல் ஒன்றுதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் தம்பி என்று சொல்லி, விஷயத்தைக் கேட்டேன். எழுதித் தருகிறேன் என்றார். வயலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். துவக்கு வந்ததும் வருகிறேன் என்றேன். அவர் "சரி" என்றார், ஆனால் அவருக்கு விளங்கவில்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது.

டொக்டரின் கடிதமும் போனது. புரட்டாதியில் லைசென்ஸ் பகுதியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். வயதானவர், அமைதியானவர். இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். குளிசை எடுத்த கதையைக் கேட்டார். அது பழைய கதை, அதனால் மட்டும் மறுக்க மாட்டோம் என்றார். பிறகு, துவக்கு கிடைத்தால் என்ன சுடப்போகிறீர்கள் என்று கேட்டார்.

புறா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துவக்கை நான் பிடித்து நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். என் கையில் துவக்கு இருந்தால் எனக்கு "வருது" என்று யார் சொல்வது? நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னாலும் என் விரல் அழுத்தாது.

"நான் சுட மாட்டன்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அண்ணி இங்கிலீசில் சொன்னார். அந்தப் பெண் பேனையை மூடினார். இன்று எதையும் எழுதவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று தேநீரை முடித்துவிட்டுப் போனார்.

ஆயுத பூசை வந்தது. ஆண்டு முடியாத வீட்டில் பூசை வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள், அண்ணி கேட்கவில்லை. அண்ணி தையல் மெஷினை வைத்தார், கத்திகளை வைத்தார், நான் கடையில் பெட்டி வெட்டும் பிளேட்டையும் கேட்டு வாங்கி வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பிறகு குங்குமச் சிமிழோடு மாடிப்படிக்குக் கீழே போய், வெறும் இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"இதுக்கு வைக்கவோ, விடவோ?"

"வெறும் பெட்டிக்கு என்னத்துக்கு?" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. எங்கள் வீட்டில் அந்தத் துவக்கால் வேலை செய்ய ஆள் இல்லை. வேலை செய்யாத ஆயுதத்துக்குப் பூசையும் இல்லை. மீட்டு வந்தால் அதை இருட்டில் பூட்டி வைத்துத் திறப்பை மிளகாய்த் தூளுக்குள் போடப்போகிறேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் நானே லைசென்ஸ் பகுதிக்கு டெலிபோன் எடுத்தேன். லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னேன். அதன் பிறகு பண்ணைக்காரரிடம், துவக்கை நீங்கள் வாங்குவீர்களா என்று கேட்டேன். தன்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது என்றார். நான் சரியென்று வைக்கப் போனேன். அவர் அவசரமாக, இது நாலாவது, இதையும் எடுக்கிறேன் என்றார். தழும்பு இருக்கிறது என்றேன். தெரியும், அதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன் என்றார். விலை கேட்டார்.

அண்ணி குசினியிலிருந்து கத்தினார்: "காசு வேண்டாம் எண்டு சொல்லும். அவற்றை ஆண்டுத் திவசத்துக்கு ஒரு ஆடு தரச் சொல்லும். நல்ல ஆடா!"

"திவசத்துக்கு ஆடோ? மரக்கறிதானே, அண்ணி?"

"அடுத்த நாளைக்கு. பங்கு போடுறதுக்கு."

அப்படி முடிந்தது. ஒரு துவக்கு, ஒரு ஆடு. துவக்குக் கடைக்காரர் தாள்களை மாற்றிக் கொடுத்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பண்ணைக்காரர் நேற்று டெலிபோன் எடுத்து, வலை கட்ட ஆளில்லை என்றார். நான் போனேன். ரயிலில் முழுவதும் எனக்கு ஒரு பயம். அவர் இரக்கப்பட்டுத் துவக்கின் பங்கை என் கையில் திணிப்பார், நான் வாங்க வேண்டிவரும், அதன் பிறகு அங்கே போக முடியாது என்ற பயம்.

புதிதாக விதைத்த வயல். பிளாஸ்டிக் புறாக்களைக் குத்தி வைத்தேன். அவர் அண்ணையின் துவக்கோடு வலைக்குப் பின்னால் வந்து நின்றார். விசைக்கு மேலே அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது, தேய்க்கவில்லை. முதல் புறா வந்தபோது நான் பல்லைக் கடித்தேன். அவர் துவக்கைத் தூக்கி, "வருடு" என்றார். சத்தம் வந்தது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஏழு புறா. தன் வான் வண்டியின் பின்கதவைத் திறந்து அவர் குவியல் வைத்தார். தனக்கு இரண்டு. துவக்குக்கு இரண்டு. பிறகு தள்ளி ஒரு இடத்தில் மூன்று. துவக்கின் இரண்டையும் எடுத்துத் தன் சாக்கில் போட்டுக்கொண்டார். துவக்கு இப்போது என்னுடையது, சட்டம் உங்களுடையது என்றார். தள்ளி வைத்த மூன்றைக் காட்டி, இது நடந்த ஆளுக்கு, எல்லாவற்றையும் எடுத்து வந்ததற்கு ஒன்று கூட என்றார். நான் பையை விரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பையை வாங்கியபடி கேட்டார்: "எத்தினை?"

"மூண்டு."

"துவக்கின்ரை பங்கோ?"

"இல்லை அண்ணி. அது அவர் எடுத்திட்டார். இது என்ரை."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு பையை என் கையில் திருப்பித் தந்தார்.

"உம்மடை பங்கெண்டா நீர்தான் மயிர் பிடுங்க வேணும். பேப்பரை விரியும்."

பிடுங்கினேன். அண்ணி கறி வைத்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய பிறகு, எழுத ஒரு தாள் கேட்டேன்.

02.11.2025, ஞாயிற்றுக்கிழமை.